18 வயதுப் பிள்ளைக்குப் பழைய கார் வாங்குவது எப்படி?

பிள்ளைக்கு 18 முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்ததும் வீட்டில் கார் பேச்சு ஆரம்பித்துவிடும். புது வண்டி வாங்கிக் கொடுத்தால் முதல் மாதமே கேட்டில் உரசிக்கொண்டு வந்து நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பேச்சு பெரும்பாலும் "ஒரு செகண்ட் ஹேண்ட் பார்ப்போம்" என்பதில் போய் முடிகிறது. அது நல்ல முடிவுதான். கோட்டை விடுவது அதற்கப்புறம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கன்சல்டிங்குக்கு, அதாவது பழைய கார் விற்கும் கடைக்கு, போகிறார்கள். பாலிஷ் போட்ட வண்டி பளபளவென்று நிற்கிறது, மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருக்கிறது, "டாக்டர் வச்சிருந்த வண்டி சார்" என்கிறார் விற்பவர். அங்கேயே அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது.

ஓட்டிப் பழகாத ஒருவருக்கு வண்டி வாங்கும்போது பார்க்கிற வரிசையே வேறு. முதலில் வண்டி தயாரான மாதம், அப்புறம் பாடி, அப்புறம் எஞ்சின். மாடலும் நிறமும் மியூசிக் சிஸ்டமும் கடைசி. தமிழ்நாட்டில் 3 முதல் 6 லட்சத்துக்குள் பெட்ரோல் ஹேட்ச்பேக் தேடுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

தேட ஆரம்பிக்கும் முன்

லைசென்ஸ் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து 30 நாள் கழித்துத்தான் நிரந்தர லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க முடியும். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். அதுவரை எல் போர்டு ஒட்டி, லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்து சீட்டில் இருந்தால்தான் வண்டி எடுக்கலாம். இல்லாவிட்டால் விபத்து நடக்கும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும்.

18 ஆகாத பிள்ளையிடம் "தெருவுக்குள்ளதானே" என்று சாவியைக் கொடுக்கிறவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. வண்டி இப்போதே வாங்கினாலும் சாவி 18 வரை அலமாரியில் இருக்கட்டும்.

பணம். கையில் 5 லட்சம் இருந்தால் 5 லட்சத்துக்கு வண்டி பார்க்காதீர்கள், நாலேகாலுக்குப் பாருங்கள். ஐந்தாறு வருடம் ஓடிய வண்டி எதுவானாலும் முதல் இரண்டு மாதத்தில் கொஞ்சம் கேட்கும். சின்ன காருக்கு நாலு டயர் போட்டால் ஏறக்குறைய 16 முதல் 20 ஆயிரம், பேட்டரி நாலைந்தாயிரம், கிளட்ச் செட் மாற்றினால் கூலியோடு 10 ஆயிரத்தை ஒட்டி வரும். பெயர் மாற்றமும் இன்ஷூரன்ஸும் தனி. இதற்கெல்லாம் பணம் எடுத்து வைக்காதவர்கள்தான் "டயர் இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்று தேய்ந்த டயரோடு பிள்ளையை மழையில் அனுப்புகிறார்கள்.

எந்த வருடத்து வண்டி?

"எந்த மாடல் நல்லது" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் வருடத்தைக் கேட்பேன். காரணம், நம் நாட்டில் சின்ன கார்களின் பாதுகாப்பு படிப்படியாக ஏறவில்லை. அரசு விதி போட்ட தேதிகளில்தான் ஏறியது.

2019 ஏப்ரல் 1 முதல் விற்கிற எல்லா கார்களிலும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயம். 2019 ஜூலை 1 முதல் டிரைவர் பக்க ஏர்பேக், சீட் பெல்ட் போடச் சொல்லும் மணி, பின்பக்க பார்க்கிங் சென்சார், வேக எச்சரிக்கை நாலும் கட்டாயம். முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் என்பது எல்லா மாடல்களுக்கும் 2021 டிசம்பர் 31-இல் வந்தது. அதற்கு முன்னாலும் விலை கூடிய வேரியன்ட்களில் இவை இருந்தன. சில கம்பெனிகள் எல்லா வேரியன்ட்டிலும் கொடுத்தன. ஆனால் 2017, 2018-இல் வந்த பல அடிமட்ட வேரியன்ட்களில் ஏர்பேக்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. அதே பெயர், அதே தோற்றம், உள்ளே வேறு வண்டி.

ஓட்டிப் பழகாதவர் பயத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிப்பார். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போய் மோதும். ஏபிஎஸ் இருந்தால் பிரேக்கை மிதித்தபடியே ஒதுக்கிவிடலாம். வேக எச்சரிக்கையும் லேசுப்பட்டதல்ல. 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டு அடிக்கும், 120-ஐத் தாண்டினால் நிற்காமல் அடிக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

என் கணக்கில் கோடு இது: 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வண்டி. பட்ஜெட் எட்டினால் 2022 அல்லது அதற்குப் பிறகு. எட்டவே இல்லை என்றால், பழைய வண்டியில் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள வேரியன்ட்டை மட்டும் தேடுங்கள். ஏர்பேக் இல்லாத 2018 வண்டியில் பத்தாயிரம் கிலோமீட்டர் குறைவு என்பதெல்லாம் ஒரு லாபமே இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம். விற்பவர் "2019 மாடல்" என்பார். அது 2018 டிசம்பரில் தயாராகி 2019 பிப்ரவரியில் பதிவான வண்டியாக இருக்கலாம். ஆர்சியில் பதிவுத் தேதி தவிர தயாரிப்பு மாதமும் வருடமும் தனியாக இருக்கும். அதைப் படியுங்கள்.

பெட்ரோலா டீசலா என்று யோசிக்கவே வேண்டாம், பெட்ரோல். வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே குட்டி ஓட்டம் ஓடும் வண்டிக்கு டீசல் ஒத்துவராது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகையை வடிகட்டும் பாகம் ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓடினால்தான் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். ஊருக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும்.

ஆட்டோமேட்டிக் கேட்பார்கள். சென்னை, கோவை நெரிசலில் புதியவருக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் 4, 5 லட்சத்தில் கிடைப்பது பெரும்பாலும் பழைய ஏஎம்டி, அதாவது மேனுவல் கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் தானாக இயக்கும் வகை. அதில் கிளட்சை இயக்கும் பாகம் போனால் செலவு கடிக்கும். அந்த விலையில் நான் மேனுவலைத்தான் சொல்வேன்.

இப்போது மாடல்

இரண்டு விஷயங்கள் இங்கே முட்டிக்கொள்ளும். ஒன்று, வண்டி ரிப்பேர் ஆனால் எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்க வேண்டும். இன்னொன்று, மோதினால் தாங்க வேண்டும்.

முதல் கணக்கில் மாருதியும் ஹூண்டாயும் முன்னால் நிற்கும். ஸ்விஃப்ட், வேகன் ஆர், பலேனோ, கிராண்ட் ஐ10 ஆகியவற்றின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்கள் ஆயிலை ஒழுங்காக மாற்றினால் பல வருடம் தொந்தரவு தராமல் ஓடும். சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் கை பழக்கம். இரண்டாவது கணக்கில் படம் மாறும். குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் 2018-இல் ஸ்விஃப்ட், 2019-இல் வேகன் ஆர், 2020-இல் கிராண்ட் ஐ10 நியோஸ் மூன்றுக்கும் கிடைத்தது 5-க்கு 2 நட்சத்திரம்தான். 2020 ஜனவரியில் டாடா டியாகோ 4, அல்ட்ராஸ் 5. பிற்பாடு ஹோண்டா ஜாஸுக்கும் 4. அந்தக் காலத்துச் சோதனை விதி இன்றைய விதியைவிட எளிது. அதனால் 2020-இன் 5 நட்சத்திரத்தையும் 2023 அக்டோபரில் தொடங்கிய நம் நாட்டுச் சோதனையான பாரத் என்கேப் கொடுக்கிற 5 நட்சத்திரத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக்கூடாது.

நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிற பிள்ளை என்றால் நான் டியாகோ, அல்ட்ராஸ், ஜாஸ் பக்கம் சாய்வேன். ஊருக்குள் மட்டும்தான், பக்கத்தில் நல்ல சர்வீஸ் சென்டரும் கிடையாது என்றால் மாருதி, ஹூண்டாய். ஃபோர்டு ஃபிகோவின் பாடியை எல்லோரும் புகழ்வார்கள். கம்பெனி 2021-இல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. செவர்லே 2017-லேயே இங்கே விற்பனையை நிறுத்தியது, டாட்சன் 2022-இல். விலை மலிவாகத் தெரிவது இதனால்தான். வீட்டில் வண்டி வேலை தெரிந்தவர் இருந்தால் யோசிக்கலாம். முதல் முறை வாங்குகிறவர்கள் விட்டுவிடுங்கள்.

பெரிய எஞ்சின், டர்போ, இன்ஸ்டாகிராமில் பார்த்த அலாய் வீல் வேண்டாம். அதேபோல, 15 வருடம் ஆன பெரிய செடானைச் சின்ன கார் விலைக்குக் காட்டுவார்கள். பதிவைப் புதுப்பிப்பதிலும் மெக்கானிக்கிடத்திலும் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

எங்கே தேடுவது

தெரிந்தவர் வண்டிதான் முதலிடம். அலுவலகத்தில் யாராவது புது வண்டி புக் செய்திருந்தால் பழையதை என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும் விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தாலே அவருக்கும் லாபம், உங்களுக்கும் லாபம். அதற்கடுத்து மாருதியின் ட்ரூ வேல்யூ போன்ற கம்பெனிக் கடைகள், ஸ்பின்னி, கார்ஸ்24 போன்ற இணையக் கடைகள். விலை கூடும், ஆனால் காகித வேலையை அவர்களே பார்ப்பார்கள், வாரண்டி ஏதாவது இருக்கும். அந்த வாரண்டியில் எது எது சேராது என்ற பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உள்ளூர் கன்சல்டிங்கில் நல்ல வண்டியும் கிடைக்கும், மோசமான வண்டியும் கிடைக்கும். எல்லாம் உங்களோடு வருகிற மெக்கானிக்கைப் பொறுத்தது.

டெல்லி வண்டி என்றால் விலை ஆசை காட்டும். அங்கே 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் தடை வந்ததிலிருந்து வண்டிகள் தெற்கே இறங்குகின்றன. புதுச்சேரி பதிவு வண்டிகளும் இங்கே நிறைய. வேற்று மாநில வண்டி என்றால் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, புது எண் வாங்க வேண்டும். முதல் வண்டிக்கு அந்த அலைச்சல் எதற்கு?

போவதற்கு முன் போனிலேயே

வண்டி எண்ணை வாங்கி பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் ஆப்பிலோ போடுங்கள். பதிவுத் தேதி, இன்ஷூரன்ஸ் எதுவரை, புகைச் சான்று, கடன் நிலுவை, தடைப்பட்டியல் எல்லாம் தெரியும். இ-சலான் பக்கத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நிற்கும்.

அப்புறம், நடப்பு இன்ஷூரன்ஸ் பாலிசியின் முதல் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் என்சிபி என்று ஒரு சதவீதம் இருக்கும், கிளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது. வருடா வருடம் கிளெய்ம் எடுக்காமல் இருந்தால் 20, 25, 35, 45, 50 என்று அது ஏறும். ஒருமுறை கிளெய்ம் எடுத்தால் சைபருக்கு இறங்கும். ஆறு வருட வண்டி, ஒரே ஓனர், "ஒரு கீறல்கூட இல்லை" என்கிறார், பாலிசியில் என்சிபி 20 என்று இருக்கிறது என்றால், போன வருடத்துக்கு முந்தைய வருடம் என்ன நடந்தது என்று கேளுங்கள். 50 இருந்தால் நல்ல அறிகுறி. அதையே உறுதியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது, கைக்காசு போட்டு டிங்கரிங் செய்தவர்களும் உண்டு, வேறு வண்டியின் என்சிபியைக் கொண்டு வந்தவர்களும் உண்டு.

இன்னொரு போன், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு. உரிமையாளரையே பேசவைத்து சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது என்று அதில் இருக்கும். 2022-இல் 58,000 ஓடிய வண்டி இன்று 41,000 காட்டினால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

வண்டி முன்னால் நின்று

பகல் வெளிச்சத்தில் போங்கள், மழையில் வேண்டாம். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் மட்டும் தெரியக்கூடிய ஏதோ ஒன்றை உங்கள் கண்ணில் படாமல் தாண்டியிருக்கிறார்கள்.

முதல் சுற்று பாடிக்கு. நாலு மூலையிலும் நின்று பக்கவாட்டில் கண்ணை ஓட்டினால் பெயிண்டின் நிறத்திலும் பளபளப்பிலும் வித்தியாசம் தெரியும். கதவுக்கும் ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து அதைப் பிடித்திருக்கும் போல்ட்களைப் பாருங்கள், பெயிண்ட் உரிந்து ஸ்பானர் பட்ட தடம் இருந்தால் பானெட் கழன்றிருக்கிறது. அது மட்டும் பெரிய குற்றமில்லை. அதற்குக் கீழே ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள ஏப்ரன் என்ற உள்தகடு நெளிந்து வெல்டிங் பட்டிருந்தால்தான் வண்டியை விட்டுவிட வேண்டும். கதவின் ரப்பர் பீடிங்கை லேசாக இழுத்துப் பாருங்கள். கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங் ஒரே அளவில், சீரான இடைவெளியில் வட்ட வட்டமாக இருக்கும். பட்டி பூசி மூடியிருந்தால் அது தெரியாது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அதன் அடிப்பள்ளத்தையும் பாருங்கள், பின்னால் அடிபட்ட வண்டி அங்கே சுருங்கியிருக்கும்.

கதவில் கீறல், பம்பரில் டெண்ட் எல்லாம் எனக்குப் பிடித்த குறைகள். விலையைக் குறைக்க உதவும், புதியவர் கையில் எப்படியும் வரப்போகிறவைதான்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம் பக்கமும் அப்படித்தான். அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாவட்டங்களில் விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் செம்மண் கறையோ தண்ணீர்க் கோடோ தெரிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சீட்டை நகர்த்தும் ரெயிலில் துரு, ஃபியூஸ் பாக்ஸ் மூலையில் காய்ந்த சேறு, பழைய வண்டியில் புத்தம் புது கார்பெட், மூச்சு முட்டும் அளவுக்கு சென்ட் அடித்திருப்பது எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லும்.

சீட் பெல்ட்டின் அடியில் ஒரு துணி லேபிள் தைத்திருக்கும், அதில் தயாரிப்புத் தேதி இருக்கும். வண்டியின் தேதிக்குக் கொஞ்சம் முன்னால் இருப்பதுதான் முறை. வண்டி 2020, பெல்ட் 2022 என்றால் பெல்ட்டை மாற்றும் அளவுக்கு ஒரு மோதல் நடந்திருக்கலாம்.

மோதல் என்றதும் ஏர்பேக். சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். மீட்டரில் ஏர்பேக் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு, செக் எஞ்சின் விளக்கு மூன்றும் எரிய வேண்டும். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கின் இணைப்பை எடுத்துவிட்டு விற்கிறார்கள் என்று அர்த்தமாக இருக்கலாம். ஏர்பேக்குக்காகவே வருடம் பார்த்து வண்டியைத் தேடிவிட்டு அந்த விளக்கைப் பார்க்காமல் வந்தால் எப்படி? ஸ்டியரிங் நடுவிலும் டேஷ்போர்டிலும் மூடியை மாற்றிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். முன் பம்பரில் இரும்புக் கம்பி கார்டு மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். அது ஏர்பேக் விரியும் நேரத்தைக் குழப்பும், சட்டப்படியும் கூடாது.

கிலோமீட்டர். மீட்டரைக் குறைப்பது ஐந்து நிமிட வேலை, மற்ற தடயங்களை அழிப்பதுதான் கஷ்டம். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரம். 2020 வண்டி, 28,000 கிலோமீட்டர்தான் என்கிறார், நாலு டயரும் 2023-ஆம் வருடம் தயாரானவை என்றால் முதல் செட் எங்கே போனது? கிளட்ச் பெடல் ரப்பர், கியர் முனை, ஸ்டியரிங் தோல் தேய்மானம் பாருங்கள். கதவோரத் தூணிலோ பானெட்டுக்கு உள்ளேயோ "அடுத்த ஆயில் 70,000" என்று மெக்கானிக் ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்திருப்பார்கள். டி போர்டு (டாக்ஸி) வண்டியை ஓன் போர்டாக (சொந்த உபயோக வண்டியாக) மாற்றியிருந்தால் பின்சீட்டும் பின்பக்க இடது கதவின் கைப்பிடியும் டிரைவர் சீட்டைவிடத் தேய்ந்திருக்கும்.

எஞ்சினில் ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பால் காபி நிறத்தில் பசை இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் பின்னால் ஒருவர் நிற்கட்டும். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால் அதுவும் தலைவலி.

ஓட்டிப் பார்ப்பது

குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் மதிய வெயிலில், ஏசியை முழுதாக வைத்து. பாட்டை அணையுங்கள். விற்பவர்கள் சத்தமாகப் பாட்டு போடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கினால் சஸ்பென்ஷன் பேசும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து வட்டமடியுங்கள், டக் டக் என்று சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயின்ட் போயிருக்கிறது. காலி ரோட்டில் 40-இல் ஸ்டியரிங்கை லேசாக விட்டுப் பாருங்கள், அப்புறம் பிரேக் பிடியுங்கள். இரண்டிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கக்கூடாது. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தால் கிளட்ச் முடியும் தறுவாயில் இருக்கிறது. கடைசியில் ஏசியோடு பத்து நிமிடம் நிறுத்தியபடி ஓடவிட்டு, வெப்பம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் மாமாவும் மட்டும் போய் வண்டி முடிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஓட்டப்போகிறவர் உட்கார்ந்து பார்க்காமல் முடிக்காதீர்கள். மகள் ஐந்தடி உயரம் என்றால் சீட் உயரத்தை ஏற்ற முடிகிறதா, கிளட்சை அடி வரை மிதிக்கும்போது இடுப்பு சீட்டை விட்டு நகர்கிறதா, பானெட்டின் முனை தெரிகிறதா என்று கேளுங்கள். பின்கண்ணாடி குறுகலான வண்டிகளில் ரிவர்ஸ் எடுப்பது புதியவர்களுக்குப் பெரிய பயம். ஸ்டியரிங்கும் கிளட்சும் கனமாக இருந்தால் அரை மணி நேர நெரிசலிலேயே கால் ஓய்ந்துபோகும். இதெல்லாம் பட்டியலில் வராது, உட்கார்ந்தால்தான் தெரியும்.

பிடித்துவிட்டதா? சரி, இப்போது மெக்கானிக். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவர். லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்கட்டும், ஸ்கேனர் மாட்டிக் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கட்டும். கடற்கரை ஊர் வண்டி என்றால் அடியில் துரு அவசியம் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டாயிரம் கேட்பார், கொடுங்கள். மெக்கானிக்கிடம் காட்டச் சம்மதிக்காத விற்பனையாளரோடு மேலே பேச வேண்டாம்.

விலை

அதே மாடல், அதே வருடம், அதே வேரியன்ட் ஐந்தாறு விளம்பரங்களைப் பார்த்தால் நடப்பு விலை தெரிந்துவிடும். பாலிசியில் உள்ள ஐடிவி தொகையும், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பும், ஒரு அளவுகோல். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கியபின் பழையதை முந்தைய விலையிலேயே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய ஆன் ரோடு விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மெக்கானிக் எழுதிக் கொடுத்த செலவுப் பட்டியலைக் காட்டிக் குறைக்கச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும். "இன்னைக்கே இன்னொரு பார்ட்டி வர்றாங்க" என்று சொன்னால் வரட்டும்.

காகிதங்கள்

ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஆர்சியில் வங்கிப் பெயர் இருந்தால், கடன் முடிந்த என்ஓசியும் படிவம் 35-ம் இல்லாமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஆர்சியில் பெயர் உள்ளவரே கையெழுத்துப் போட வேண்டும். முந்தைய ஓனர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தை வைத்துக்கொண்டு இரண்டு கை மாறிய வண்டியை விற்பார்கள். அதைத் தொடாதீர்கள்.

பெயர் மாற்றத்தை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுகிறவர்கள்தான் அதிகம். மாநிலத்துக்குள் வாங்கினால் 30 நாளுக்குள் ஆர்டிஓவில் தெரிவிக்க வேண்டும். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விற்பவரிடம் இதைச் சொன்னால் அவரே கூட வந்து முடித்துக் கொடுப்பார். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மூன்றாம் நபர் காப்பு (உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கு) தானாக வரும், உங்கள் வண்டிக்கான சேதக் காப்பு அப்படி வராது. விற்பவரின் என்சிபி அவரோடு போய்விடும். அப்பா தன் பழைய காரை விற்றிருந்தால் அவருடைய என்சிபியை அவர் பெயரில் வாங்கும் இந்த வண்டிக்குக் கொண்டுவரலாம், மூன்று வருடம் வரை அது செல்லும். அதனாலேயே ஆரம்பத்தில் வண்டி அப்பா அல்லது அம்மா பெயரில் இருப்பது நல்லது என்பேன். ஆனால் அந்தப் பெயருக்கான தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் உரிமையாளருக்கு மட்டும்தான். ஓட்டுகிற பிள்ளைக்கும் கூட வருகிறவர்களுக்கும் தனியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

விற்பவர் தன் ஃபாஸ்டேக்கை மூடிவிட வேண்டும், நீங்கள் புதிது எடுக்க வேண்டும். இரண்டாவது சாவியை வாங்க மறக்காதீர்கள்.

வந்த பிறகு

முதல் வாரமே எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில், வைப்பர் பிளேடு மாற்றிவிடுங்கள். முன்னவர் எப்போது மாற்றினார் என்ற விசாரணையே வேண்டாம். டயர் ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றுங்கள். ஸ்டெப்னி மாற்றுவதை வாசலில் வைத்து ஒருமுறை பிள்ளையையே செய்யவையுங்கள், ஜாக்கி எங்கே இருக்கிறது என்று நள்ளிரவில் பைபாஸில் போன் வராமல் இருக்கும்.

முதல் சில மாதம் நண்பர்களை ஏற்றிக்கொண்டு போவதற்கும் இரவு ஓட்டத்துக்கும் வரம்பு வையுங்கள். பின்சீட்டில் மூன்று நண்பர்கள் இருக்கும்போதும் தனியாகப் போகும்போதும் ஒரே பிள்ளை ஒரே மாதிரி ஓட்டுவதில்லை. பின்சீட்டிலும் பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

முதல் டெண்ட் வரும்போது உடனே கிளெய்முக்கு ஓடாதீர்கள். 1,500 சிசி வரையுள்ள காரில் ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். அடுத்த வருடம் என்சிபியும் போகும். மூவாயிரம் ரூபாய் டிங்கரிங் வேலை என்றால் கையிலிருந்தே கொடுத்துவிடுவது மலிவு. கதவில் சின்னக் கீறல் என்றால் அதுவும் வேண்டாம், ஒரு வருடம் போகட்டும், எல்லாவற்றையும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம்.